தொண்டை கட்டின இன்ஜின்

என் பொண்ணுக்கு இப்போ பன்னெண்டு வயசு. பிரான்சுல இருக்கா, அவ அம்மாவோட. நான் இங்க பாண்டிச்சேரியில, கோரிமேடு போற ரோட்டுல ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை லேப்ல வேலை செய்யறேன். எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ரொம்ப வருஷமா பேசிக்கிட்டு இருந்தது ஒரு கிழட்டு நீராவி இன்ஜின். சிரிக்காதீங்க, நெசமா தான் சொல்றேன்.

அது டி.வி.ல வர்ற குழந்தைங்க தொடர். ஒவ்வொரு ரயில் இன்ஜினுக்கும் முன்னாடி ஒரு மூஞ்சி இருக்கும். கண்ணை உருட்டும், பேசும், ஒண்ணோட ஒண்ணு சண்டை போட்டுக்கும், சாயங்காலம் ஷெட்டுக்குத் திரும்பி சமாதானம் ஆகிடும். என் பொண்ணு ரெண்டரை வயசுல அதுல விழுந்தா. எங்க வீட்டு டி.வி.ல அது இங்கிலீஷ்ல தான் வரும், அவளுக்கு என்னா புரியும்? அதனால சத்தத்தை மொத்தமா அணைச்சிட்டு, பக்கத்துல உக்காந்து எல்லா இன்ஜினுக்கும் நானே பேசுவேன். என் இன்ஜினுங்க எல்லாம் பாண்டிச்சேரி இன்ஜினுங்க. குட்டி சிவப்பு இன்ஜின் பெரிய மார்க்கெட்டுக்கு வாழைக்காய் ஏத்திக்கிட்டுப் போகும். பச்சை இன்ஜின், பிள்ளைச்சாவடி மீனை என் தலையில கட்டாதீங்க, நாத்தம் தாங்கலன்னு மூக்கைப் பொத்திக்கும். இன்ஜினுக்கு ஏதுங்க கைன்னு என் பொண்டாட்டி அடுப்பங்கரையிலேர்ந்து கேப்பா. உன் வேலையைப் பாருடின்னு நான் கத்துவேன். குழந்தை ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பாத்து சிரிக்கும்.

அதுல ஒரு கறுப்பு இன்ஜின், வயசானது. அதுக்கு நான் தொண்டையை இறுக்கி, எங்க பெரியப்பா காலையில எழுந்ததும் பேசற குரல்ல பேசுவேன். "ஏன்டி குட்டி, விடிஞ்சதும் விடியாததுமா எழுப்பற? மூட்டெல்லாம் வலிக்குதுடி. ஒரு டீத்தண்ணி குடுத்தா தான் என் சக்கரம் உருளும்." அவளுக்கு அந்தக் கிழவனைத் தான் பிடிச்சுது. தொண்டை கட்டின இன்ஜின்னு அவளே பேர் வச்சா. அது வந்தா தான் சோத்துக்கு வாயைத் திறப்பா.

என் பொண்டாட்டி வீடு பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள வீடு. அவ தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்தவரு, சொல்தா வீடுன்னு தான் அந்தத் தெருவுல சொல்லுவாங்க. நான் வில்லியனூர் பக்கத்து விவசாயக் குடும்பம். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து எவன் பாத்தாலும் ஒரே கேள்வி தான், என்னாப்பா, எப்போ ஃபிளைட்டுன்னு. எனக்குப் பத்திக்கிட்டு வரும். நான் பொண்ணைக் கட்டினேனா, ஏரோப்ளேனைக் கட்டினேனா?

அந்த மாதிரி வீடுங்கள்ல பீரோவுல நகைக்கும் மேல பத்திரமா வைக்கறது ஒரு சின்னப் புத்தகம். லிவ்ரேன்னுவாங்க. யாரு யாரைக் கட்டினாங்க, யாருக்கு யாரு பொறந்தாங்கன்னு பிரெஞ்சு அரசாங்கம் எழுதிக் குடுக்கற குடும்பப் புத்தகம். எங்க கல்யாணத்தையும் முறையா பதிஞ்சு வாங்கினோம். அதுல என் பேர் இருக்கு, கீழ என் பொண்ணு பேர் இருக்கு. இதை ஏன் விலாவாரியா சொல்றேன்னா, அந்தப் புத்தகத்துல பேர் ஏறினவனுக்குக் கதவு திறந்து தான் இருந்துச்சு. விசா கேட்டு ஒரு மனு போடணும், அவ்வளவு தான்.

குழந்தைக்கு மூணரை வயசு இருக்கும்போது என் பொண்டாட்டிக்கு அங்க ஒரு முதியோர் இல்லத்துல வேலை கிடைச்சுது. அவ சித்தி வீடு பக்கத்துலயே இருந்துச்சு. அப்போ பாத்து எங்கப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துடுச்சு. நீங்க ரெண்டு பேரும் முன்னாடி போங்க, அப்பா கொஞ்சம் தேறினதும் நான் ஆறு மாசத்துல வந்துடறேன்னு சொன்னேன். மெட்ராஸ் ஏர்போர்ட்டுல குழந்தை என் சட்டைப் பாக்கெட்டைப் பிடிச்சுக்கிட்டு விடல. பாக்கெட் கிழிஞ்சு அவ கையோட வந்துடுச்சு.

முதல்ல தினமும் போன் பண்ணினேன். மூணரை வயசுக் குழந்தைக்குப் போன்ல என்னா பேசத் தெரியும்? சாப்பிட்டியாம்மான்னு கேப்பேன், சாப்பிட்டேன்னுவா, போனைக் கீழ போட்டுட்டு ஓடிடுவா. நான் இங்க ஹலோ ஹலோன்னு கத்திக்கிட்டு இருப்பேன். ஒரு நாள் அங்க டி.வி.ல அதே இன்ஜின் தொடர் வந்திருக்கு, பிரெஞ்சுல. கறுப்பு இன்ஜின் வாயைத் திறந்து வேற யார் குரல்லயோ பேசினதும் இவ தரையில புரண்டு அழுதிருக்கா. இது பொய் இன்ஜின், இது பொய் இன்ஜின்னு ஒரே கூப்பாடு. என் பொண்டாட்டி கூப்பிட்டு, "என்னங்க, அந்தக் குரல்ல கொஞ்சம் பேசுங்களேன், என்னால சமாளிக்க முடியல"ன்னா. நான் தொண்டையை இறுக்கினேன். "ஏன்டி குட்டி, என்னாத்துக்குடி இந்த அழுகை?" அந்தப் பக்கம் அப்படியே அடங்கிடுச்சு. அன்னைக்கு இருபது நிமிஷம் போனை விட்டு நகரல அவ.

அன்னையிலேர்ந்து அது பழக்கமாச்சு. லேப்ல காலையில வெறும் வயித்துக்காரங்க கூட்டம். பன்னெண்டு மணிக்கு அடங்கிடும். அப்போ அங்க அவ ஸ்கூலுக்குக் கிளம்பற நேரம். உள்ளே ரத்தம் எடுத்து வச்ச கண்ணாடிக் குழாயைச் சுத்தற மெஷினை ஓடவிட்டு, அது விர்ருனு போடற சத்தத்தையே இன்ஜின் சத்தமா வச்சுக்கிட்டு, வாட்ஸ்அப்ல குரல் அனுப்புவேன். முன்னாடி சீட்டு எழுதற அக்கா ஒரு நாள் கதவைத் திறந்து பாத்துட்டு, ஏம்பா, ரத்தம் பாத்துப் பாத்து உனக்கு முத்திப் போச்சான்னாங்க. விஷயம் தெரிஞ்சதும், பன்னெண்டு மணி ஆனா யாரையும் உள்ளே விடமாட்டாங்க. "சார் இன்ஜின் ஓட்டறாரு, பத்து நிமிஷம் உக்காருங்க"ன்னு சொல்லுவாங்க. வந்தவங்க ஒண்ணும் புரியாம உக்காந்திருப்பாங்க.

குழந்தை இன்ஜின்கிட்ட எல்லாத்தையும் சொல்லும். பல்லு ஆடுது, பக்கத்து பென்ச் பொண்ணு ரப்பர் தரல, சூப்புல உப்பே இல்ல. எங்கிட்ட சொல்லாது. நான் என் குரல்ல பேசினா, "பப்பா, இன்ஜினைக் கூப்பிடு"ன்னும். எனக்கு அதுல ஒரு பெருமை கூட இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். அப்போவே என் பொண்டாட்டி சொன்னா, "இன்ஜினாவே இருக்காதீங்க. அப்பாவாவும் ரெண்டு வார்த்தை பேசிப் பழகுங்க. நாளைக்கு உங்களை அடையாளம் தெரியாம போயிடும் அவளுக்கு." எனக்கு வந்துச்சே கோபம். குழந்தை பேசறதே பெருசு, இதுல நீ வேற குறை கண்டுபிடிக்கறியான்னு போனை வச்சிட்டேன்.

அப்படியே ஒரு நாள் அவ இன்ஜினைக் கேட்டா, பப்பா எப்போ வருவாருன்னு. நான் யோசிக்கக் கூட இல்ல. "உங்க பப்பா என் பெட்டியில தான் பையை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்காருடி. பாண்டிச்சேரி ஸ்டேஷன்ல நிக்கறோம். சிக்னல் சிவப்பு. பச்சை விழுந்ததும் கிளம்பிடுவோம்." அவளுக்கு ஒரே குஷி. மறுநாள்லேர்ந்து முதல் கேள்வியே அது தான், சிக்னல் என்னா ஆச்சு தாத்தா? சிவப்பு தான்டி குட்டி. இன்னுமா? இன்னும் தான்டி.

இப்போ நெசத்தைச் சொல்லிடறேன். நான் மனுவே போடல. முதல் ஒண்ணரை வருஷம் அப்பாவை வச்சுக்கிட்டு எங்கேயும் நகர முடியல, அது சரி. குழந்தைக்கு அஞ்சு வயசு ஆகறப்போ அப்பா போயிட்டாரு. கருமாதி முடிஞ்சு என் அக்கா, "எல்லாம் முடிஞ்சுதுடா. இனிமே கிளம்பு, உன் குழந்தைகிட்ட போ"ன்னு அழுதுக்கிட்டே சொல்லுச்சு. மஞ்சள் ஃபைல்ல எல்லாத் தாளும் தயார். மனுவுல பாதி பூர்த்தி பண்ணியிருந்தேன். அந்த வாரம் அங்கேயிருந்து மச்சான், என் பொண்டாட்டியோட தம்பி, வீடியோவுல வந்தாரு, சும்மா விளையாட்டுக்குத் தான் சொன்னாரு, "மாமா, உங்க ஊசி குத்தற சர்ட்டிபிகேட்டெல்லாம் இங்க செல்லாது. தட்டு கழுவற வேலை வேணா பாத்து வைக்கறேன்." எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அன்னைக்கு ஃபைலைத் தூக்கி பீரோ மேல போட்டவன் தான்.

ரோஷம்னு நான் எனக்கே சொல்லிக்கிட்டேன். ரோஷமாவது மண்ணாவது, பயம். நாப்பது வயசுல பாஷை தெரியாத ஊர்ல போயி நிக்கணுமேங்கற பயம். இங்க நான் தொட்டா நரம்பு கிடைக்கும், பக்கத்து ஊர்லேர்ந்து கூட என் கையால ரத்தம் எடுக்கணும்னு தேடி வருவாங்க. அங்க நான் யாரு? பொண்டாட்டி கேக்கும்போதெல்லாம் அடுத்த மாசம், அடுத்த மாசம்னு சொன்னேன். குழந்தைகிட்ட அதையும் நான் சொல்ல வேண்டியதில்லாம போச்சு, இன்ஜின் சொல்லிடும். என் வாயால சொல்லியிருந்தா ஒரு தடவைக்கு மேல நா எழுந்திருக்காது. அந்தக் கிழட்டுக் குரல்ல சொல்லும்போது பொய்யாவே தெரியல எனக்கு.

அவளுக்கு ஏழு வயசு ஆனப்போ கோடை லீவுல மூணு வாரம் வந்தாங்க. ஏர்போர்ட்டுல பாத்தேன், என் நெஞ்சு உயரம் வளந்திருந்தா. முன்னாடி வந்து எக்கி நின்னு ஒரு கன்னத்தைக் காட்டினா, அப்புறம் இன்னொரு கன்னத்தைக் காட்டினா. அங்க வீட்டுக்கு வர்ற யாருக்கும் அப்படித் தான் முத்தம் வைப்பாங்களாம். எனக்குத் தெரியாம கட்டிப் பிடிக்கப் போயி, அவ மூக்குல என் தாவாங்கட்டை இடிச்சுது. பர்தோன்னு சொல்லி மன்னிப்பு கேட்டுட்டு அவ அம்மா பின்னால போயிட்டா. எனக்குச் சுருக்குன்னுச்சு. உடனே தொண்டையை இறுக்கி, "ஏன்டி குட்டி, கிழவனை மறந்துட்டியா?"ன்னேன். திரும்பிப் பாத்து, வாயைப் பொத்திக்கிட்டு, ஓடி வந்து என் இடுப்பைக் கட்டிக்கிட்டா. சுத்தி இருந்தவங்க எல்லாம் பாத்தாங்க. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேந்து வந்துடுச்சு.

மூணு வாரமும் அப்படியே தான் போச்சு. நான் என் குரல்ல பேசினா ஆமா, இல்ல, வேணாம். இன்ஜின் பேசினா மடியில ஏறி உக்காந்துக்குவா. அவ குட்டி சிவப்பு இன்ஜின் ஆகிடுவா, கீச்சுக் குரல்ல பதில் பேசுவா. மாமியார் வீட்டுல, "மாப்ளைக்குத் தொண்டை புண்ணாயிடப் போகுது"ன்னு வெந்நீர் வச்சுக் குடுத்தாங்க.

கிளம்பறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி, ஸ்டேஷன் பாக்கணும்னா. என் வண்டியில கூட்டிக்கிட்டுப் போனேன். பாண்டிச்சேரி ஸ்டேஷன் சின்னது, தண்டவாளம் அங்கேயே முடிஞ்சு போயிடும், அதுக்கு அந்தாண்ட கடல் தான். சாயங்கால விழுப்புரம் பாசெஞ்சர் நின்னுக்கிட்டு இருந்துச்சு. நீராவி எங்கே, புகை எங்கேன்னு கேப்பான்னு பதில் தயார் பண்ணி வச்சிருந்தேன். அவ அதெல்லாம் கேக்கவே இல்ல. பிளாட்பாரத்துக் கடைசி வரைக்கும் என் விரலைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போனா. அங்க சிக்னல் கம்பம், மேல சிவப்பு விளக்கு. "இது தானா?"ன்னா. ஆமாம்மா, இது தான்னேன். சிமென்ட் பென்ச்சுல உக்காந்து கையைக் கட்டிக்கிட்டுப் பாத்தா. சுண்டல் வாங்கித் தந்தேன், அதைத் தின்னாம அதையே பாத்துக்கிட்டு இருந்தா.

சிவப்பு போயி பச்சை விழுந்துச்சு. வண்டி ஊதுச்சு. ஆளுங்க ஓடி ஓடி ஏறினாங்க. வண்டி எங்களைத் தாண்டி, கடைசிப் பெட்டியும் தாண்டிப் போச்சு. அவ எழுந்து நின்னா. கீச்சுக் குரல் இல்ல, அவ சொந்தக் குரல், முதல் தடவையா என்னைப் பாத்துக் கேட்டா. "பச்சை வந்துடுச்சு பப்பா. நீ ஏன் ஏறல?"

அப்போவாவது நான் அப்பனா பேசியிருக்கணும். குழந்தை என்னைத் தான் கேட்டா, இன்ஜினை இல்ல. என் வாய் திறந்துச்சு, வந்தது என்னவோ அந்தக் கிழட்டுக் குரல் தான். "அது விழுப்புரம் வண்டிக்கு விட்ட பச்சைடி குட்டி. நம்ம வண்டிக்கு இன்னும் விடல." அவ என் மூஞ்சியையே கொஞ்ச நேரம் பாத்தா. அப்புறம் என் கையில இருந்த சுண்டல் பொட்டலத்தை எடுத்து ஒரு கடலையை என் வாயில வச்சுட்டு, கீச்சுக் குரலுக்குப் போயிட்டா. "சரி தாத்தா. நாம காத்துக்கிட்டு இருப்போம்." அப்பாடா, தப்பிச்சேன்டா சாமின்னு இருந்துச்சு எனக்கு. அதை நினைச்சா இப்பவும் என்னையே செருப்பால அடிச்சுக்கலாம்னு தோணுது.

கிளம்பற அன்னைக்கு என் பொண்டாட்டி பெட்டியை மூடிக்கிட்டே மெதுவா சொன்னா. "நீங்க வரமாட்டீங்கன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. எனக்கு ஒண்ணும் சொல்ல வேணாம். அவகிட்ட நீங்களே சொல்லிடுங்க. இன்ஜினை விட்டுச் சொல்லாதீங்க, நீங்க சொல்லுங்க." சொல்றேன்னேன். சொல்லல. இங்க பன்னெண்டு மணி ஆச்சுன்னா மெஷின் விர்ருங்கும், சிக்னல் சிவப்பு தான்டி குட்டின்னு கிழவன் சொல்லுவான், அவளும் சரி தாத்தான்னுவா. அவளோட ஒன்பது வயசுல எங்க விவாகரத்துக் காகிதம் வந்துச்சு, கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். அதுக்கப்புறமும் ஒரு வருஷம் கிழவனுக்குப் பதில் வந்துச்சு. அப்புறம் வாரத்துக்கு ஒண்ணு, மாசத்துக்கு ஒண்ணு, அப்புறம் சும்மா ஒரு இதயப் படம். பெருசாயிட்டா, இன்ஜின் எதுக்கு அவளுக்குன்னு என்னை நானே சமாதானம் பண்ணிக்கிட்டேன். சீட்டு எழுதற அக்கா பன்னெண்டு மணிக்கு என்னை ஒரு பார்வை பாத்துட்டு அடுத்த சீட்டை எழுதுவாங்க.

போன மாசம் அவளே கூப்பிட்டா. குரல் மாறிப் போச்சு, தமிழ்ல ர வந்தா தொண்டையிலேர்ந்து வருது. பள்ளிக்கூடம், மழை எல்லாம் பேசிட்டு சொன்னா, "பப்பா, புது போன் மாத்தறேன். நீ அனுப்பினது எல்லாத்தையும் எடுத்து வச்சேன், ஒண்ணு கூட அழிக்கல. ஆனா எல்லாமே இன்ஜின். நீ பேசினது ஒண்ணு கூட இல்ல. எனக்கு உன் குரல் வேணும். ஒண்ணு அனுப்பறியா?"

இத்தனை வருஷத்துல ஒண்ணு கூட இல்ல. நான் நம்பாம என் போன்ல மேல மேல தள்ளிப் பாத்தேன். நெசம் தான்.

மறுநாள் பன்னெண்டு மணிக்கு மெஷினை நிறுத்திட்டு உக்காந்தேன். போனை வாய்கிட்ட கொண்டு போனாலே தொண்டை தானா இறுகிக்குது. அழிச்சேன். தண்ணி குடிச்சிட்டு மறுபடி பேசினேன், பாதியில கிழவன் வந்துட்டான், அழிச்சேன். என் குரல் எதுன்னே எனக்கு மறந்து போச்சோன்னு பயம் வந்துடுச்சு. வெளிய அக்கா யார்கிட்டயோ, சார் வேலையா இருக்காரு, உக்காருங்கன்னு சொன்னது கேட்டுச்சு. கடைசியா கண்ணை மூடிக்கிட்டுச் சொன்னேன். "அப்பா பேசறேம்மா. சிக்னல் எப்பவும் பச்சையா தான் இருந்துச்சு. எனக்குப் பயமா இருந்துச்சு, நான் தான் ஏறல. உங்கிட்ட பொய் சொன்னேன். என்னை மன்னிச்சுடும்மா." அனுப்பிட்டேன்.

அவ கேட்டுட்டதா போன்ல நீலக் குறி விழுந்துச்சு. அப்புறம் அவ குரல் வந்துச்சு, சின்னதா.

"தெரியும் பப்பா. அன்னைக்கு ஸ்டேஷன்லயே தெரியும். நான் இன்னொரு தடவை கேட்டா நீ அழுதுடுவ போல இருந்துச்சு. அதான் நான் இன்ஜினாயிட்டேன்."

ஏழு வயசு அவளுக்கு அப்போ. அதுக்கப்புறம் நான் அவளை ஏமாத்திக்கிட்டு இருக்கறதா நினைச்சுக்கிட்டு இருந்த மூணு வருஷமும், எனக்கு வலிக்கக் கூடாதுன்னு அவ சரி தாத்தா, சரி தாத்தான்னு சொல்லிக்கிட்டு இருந்திருக்கா.

அக்கா கதவைத் தட்டி, ஒரு பெரியவர் ரொம்ப நேரமா காத்துக்கிட்டு இருக்காருப்பான்னாங்க. அவரு வந்து உக்காந்து சட்டைக் கையை மடக்கி, கையை நீட்டினாரு. மூணு தடவை குத்தினேன். நரம்பு கிடைக்கல.